பதினான்காம் நாள் போஞ்சி

சுகந்தி என்னிடம் இரண்டு பக்கம்தான் கேட்டாள். வன்னியில் மூன்று கிராமங்களில் சிறிய எரு முற்றங்கள் தொடங்கும் முயற்சியில் அவளும் அவளுடைய நண்பர்களும் இறங்கியிருக்கிறார்கள். வைக்கோல், தென்னோலை, பனஞ்சருகு, சந்தையில் மிஞ்சும் மரக்கறி என்று எதையும் எரிக்காமல், தூரத்துக்கு ஏற்றி அனுப்பாமல், அந்தந்த ஊரிலேயே குவித்து எருவாக்க வேண்டும். அந்த வேலை அந்த ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். எரு அந்த ஊர் வயலுக்கே போய்ச் சேர வேண்டும். இதுதான் திட்டம். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடி, தோசையும் மடிக்கணினியுமாகப் பேசுகிறார்கள். நான் எரு முற்றத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்று யாரோ சொல்லி, என்னையும் ஒரு மூலையில் இருத்திவிட்டார்கள்.

"அங்கிள், ஜஸ்ட் டூ பேஜஸ்," என்றாள் சுகந்தி. இங்கேயே பிறந்து வளர்ந்த பொறியியலாளர் அவள். "என்ன செய்யவேணும், என்ன செய்யக்கூடாது. பொயின்ட் பொயின்டா எழுதினாலும் ஓகே. பெரிய பிளான்ட் ஒண்டு நல்லதா, சின்னச் சின்ன யார்ட் நல்லதா எண்டதையும் கிளியரா சொல்லுங்கோ."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில், என் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று கிழமையாகத் தாள் கிடக்கிறது. 'செய்ய வேண்டியவை' என்று எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஓய்வுபெற்றவனிடம் பதில்கள் அடுக்கடுக்காக இருக்கும் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். என்னிடம் இருப்பது முழங்கால் வலியும் தீராத ஒரு குழப்பமும்தான். அந்தக் குழப்பத்தை முதலில் இறக்கி வைக்காமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே சுகந்தி மன்னிக்க வேண்டும், இது இரண்டு பக்கத்தில் முடியாது.

நான் இந்தத் தொழிலுக்கு விரும்பி வந்தவன் அல்ல. தொண்ணூறுகளில் அகதியாக வந்து, பெட்ரோல் ஷெட்டில் கொஞ்சக் காலம், பிறகு குப்பை லொறிக்குப் பின்னால் ஓடிய காலம். முதுகு போனதும், இலகுவான வேலை என்று சொல்லி என்னை அனுப்பிய இடம்தான் அந்த எரு முற்றம். இலகுவாம்! முதற்கிழமையே இடுப்புக்குப் பட்டி வாங்கிக் கட்டினேன். பிறகு ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் படித்த சில ஆங்கிலப் புத்தகங்கள். அந்த வருடங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

முற்றம் பார்க்கிங்கையும் தாண்டி, வீடுகள் குறைந்து வயல்வெளி தொடங்குகிற இடத்தில் இருந்தது. மொத்தம் ஆறு பேர். பூங்காக்களில் வெட்டிய புல், சந்தைக் கழிவு, மரக்கிளைகள், பக்கத்திலிருந்த இரண்டு குதிரை லாயங்களின் சாணமும் மிஞ்சிய காய்ந்த புல்லும் எங்களிடம் வரும். எருவாகி, பள்ளிக்கூடத் தோட்டங்களுக்கும் பூங்காக்களுக்கும் சுற்றியுள்ள விவசாயிகளுக்கும் போகும். உள்ளூராட்சிக் கவுன்சிலின் ஒப்பந்தம் எங்களுக்கு உயிர்மூச்சு. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும், எல்லாவற்றையும் வடக்கே உள்ள பெரிய ஆலைக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் ஆறு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

வேலை இப்படி. வந்த பொருளைக் கலந்து ஆள் உயரத்துக்கு நீளமாகக் குவிப்போம். இரண்டு மூன்று நாளில் குவியல் தானாகச் சூடேறும். ஒரு மீற்றர் நீளமான வெப்பமானியை ஐந்து இடத்தில் குத்தி அளந்து எழுதுவோம். அறுபது பாகைக்கு மேல் சில நாட்கள் நின்றால்தான் களை விதையும் கிருமியும் சாகும். பிறகு லோடர் இயந்திரத்தால் புரட்டி, வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளி, மறுபடி சூடேற விடவேண்டும். ஈரத்துக்கு ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்ப்போம். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் கசிந்தால் சரி, ஒழுகினால் பிழை. மாதக்கணக்கில் இதைச் செய்து, சலித்து, ஆற வைத்தபின் பார்த்தால் நல்ல கறுப்பு மண்ணாக, மழை பெய்த தரையின் மணத்தோடு இருக்கும்.

ஆனால் அதோடு விட நோரா சம்மதிக்க மாட்டார். நோரா எங்கள் மேலாளர், அயர்லாந்துக்காரி. என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு நாம் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்றால், அதே கேள்வியை அதே தொனியில் மறுபடி கேட்பார். தேநீரை ஊற்றி வைத்து மறந்துவிட்டு, ஆறிப் பச்சைத் தண்ணீரான பிறகு முகம் சுளிக்காமல் குடிப்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய சொற்சிக்கனம் இதில் முழுதாக வராது.

நோராவின் கடைசிச் சோதனை போஞ்சி, அதாவது பீன்ஸ், விதை. எரு ஆறியதும் அதில் கொஞ்சம் எடுத்து மூன்று சட்டிகளில் போட்டு மூன்று மூன்று போஞ்சி விதை ஊன்றவேண்டும். பக்கத்தில் இன்னும் மூன்று சட்டிகளில், நன்றாகத் தெரிந்த சுத்தமான மண்ணில், அதே விதை. அலுவலக ஜன்னலில் ஒரே வெளிச்சம், ஒரே அளவு தண்ணீர். விதைத்த நாளைப் பென்சிலால் சிறிய அட்டையில் எழுதிச் சட்டியில் குத்தவேண்டும். பிறகு இருபத்தொரு நாள் காத்திருக்கவேண்டும்.

"ஏன் இருபத்தொரு நாள்? பத்து நாளிலேயே முளைத்துவிடுகிறதே?" என்று தொடக்கத்தில் நான் கேட்டேன்.

"முதல் இலைகள் விதைக்குள் இருக்கும் சாப்பாட்டில் வளர்கின்றன. அவை எருவைப் பற்றி எதுவும் சொல்லாது. பிறகு வருகிற இலைகள்தான் சொல்லும்," என்றார்.

அந்த இலைகள் என்ன சொல்லும் என்பதையும் விளக்கினார். சில களைநாசினிகள் புல்லைக் கொல்லாது, அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். புல்வெளியில் அதை அடிப்பார்கள். புல்லைக் குதிரை தின்னும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. மருந்து சாணத்தோடு அப்படியே வெளியே வரும். எங்கள் குவியலின் சூடும் அதை ஒன்றும் செய்யாது. வெப்பமானி சரி என்று சொல்லும், ஆய்வுகூடம் வழக்கமாகப் பார்க்கும் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அந்த எருவில் தக்காளியோ போஞ்சியோ மிளகாயோ நட்டால், இலை பிழிந்து வைத்த ஈரத் துணிபோல முறுக்கிக்கொள்ளும். லாயக்காரரிடம் புல் எங்கே வாங்கியது என்று கேட்க எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. தரகரிடம் வாங்குகிறவர்கள் அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆகவே ஜன்னலில் நிற்கும் அந்தப் போஞ்சிதான் எங்கள் கடைசிக் காவல்.

இனி ராணி அக்கா. அவர் என் உறவு இல்லை. நான் லண்டனுக்கு வந்த புதிதில், ஆள் அடையாளம் தெரியாத என்னை அவரும் அவருடைய கணவரும் அப்டன் பார்க்கில் தங்கள் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். அந்த நன்றி என் முதுகில் ஏறிக் குந்திக்கொண்டே இருந்தது. அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை என்பது அதை இன்னும் பாரமாக்கியது.

கணவர் இறந்து சில வருடங்களின் பின், ராணி அக்கா முதியோர் இல்லத்துச் சலவை வேலையை விட்டுவிட்டு, எங்கள் முற்றத்துக்கு அடுத்த தெருவில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். இரண்டு பொலித்தீன் கூடாரங்கள். பயற்றங்காய், தக்காளி, மிளகாய், கீரை போட்டு ஈஸ்ட் ஹாம் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய யோசனை. தன்னோடு சலவையில் நின்ற நான்கு பெண்களையும் வேலையை விடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார். அந்த ஒரு கோடை பிழைத்தால் ஐந்து பேரும் பிழைத்தார்கள். பிழைக்காவிட்டால் ஐம்பது தாண்டிய ஐந்து பெண்களும் மறுபடி யாரிடமாவது வேலை கேட்டு நிற்கவேண்டும்.

அவர்களுக்கு எரு கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வைகாசியில் ஒருநாள் ராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கோயில் ஐயர் நாள் பார்த்துத் தந்திட்டார். வாற வெள்ளி, ஒன்பதே காலில இருந்து பத்தே கால். அதை விட்டால் ஆனியிலதான் நல்ல நாளாம். கண்டுகள் சட்டிக்குள்ள நெடுத்துப் போச்சு."

"எரு ரெடியா இருக்கு அக்கா. ஒரு சின்ன டெஸ்ட்தான் முடியேல்லை."

"உமக்கு ஏலுமெண்டால் பாரும். ஏலாட்டி விடும்."

இதுதான் அவர் சொன்னது, சொல்லுக்குச் சொல். இதை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் அவசரம் எங்கே இருந்தது, கட்டாயம் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று என் காதில், தம்பி, எட்டு மாதம் வைத்திருந்தேனே, என்றுதான் விழுந்தது.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நல்ல நேரம் என்று ஒன்றைக் குறித்துவிட்டால் மற்ற எல்லாம் அதற்கு ஏற்ப வளையவேண்டும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. கலியாண மண்டபம் கிடைக்காவிட்டால் மண்டபத்தை மாற்றுவோம், முகூர்த்தத்தை மாற்றமாட்டோம். நான் பெரிய பக்திமான் அல்ல. லண்டனில் சூரியன் எழும்புகிற நேரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் பொருந்துமா என்று ஐயரையே கிண்டலடித்தவன். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டது.

நோரா அப்போது கண் சத்திரசிகிச்சைக்காக மூன்று கிழமை லீவில் இருந்தார். போகும்போது, லொறிகள் நிற்கக்கூடாது என்று, எரு வெளியேறும் படிவங்கள் சிலவற்றில் வெற்றாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனார். அது விதிக்கு மாறு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை அவர் நம்பினார் என்பதற்கு அந்த வெற்றுத் தாள்களைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வியாழக்கிழமை, பதினான்காம் நாள், ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். போஞ்சிகள் எல்லாம் நன்றாக நிமிர்ந்து நின்றன. ஒரே ஒரு சட்டியில், நடுவில் விரியத் தொடங்கிய இலையின் ஓரம் மேல்நோக்கி மெல்ல மடிந்திருந்தது. கீழே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. சூட்டில் வாடுகிறது என்று முடிவு செய்து, அந்தச் சட்டியை ஜன்னலின் மறு ஓரத்துக்கு நகர்த்தினேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேனா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. நினைத்தேன் என்றும் சொல்லலாம், நினைக்க விரும்பினேன் என்றும் சொல்லலாம். படிவத்தில் 'நாட்கள்' என்ற கட்டத்தில் இருபத்தொன்று என்று எழுதினேன். கீழே நோராவின் கையெழுத்து முன்கூட்டியே இருந்தது. லொறி புறப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு ராணி அக்கா கற்பூரம் கொளுத்தி முதல் கன்றை நட்டார். நானும் ஒரு மணி நேர அனுமதி எடுத்துக்கொண்டு போய், பட்டுவேட்டி கட்டாத குறையாக நின்றேன். அந்த நான்கு பெண்களும் சிரித்துக்கொண்டே வரிசை வரிசையாக நட்டார்கள். எல்லாருக்கும் மோதகம் கிடைத்தது.

அடுத்த கிழமை சனிக்கிழமை ஜன்னலில் போஞ்சியைப் பார்த்தேன். எங்கள் எருவிலிருந்த ஒன்பது கன்றுகளிலும் புது இலைகள் முறுகிக் கிடந்தன. சுத்தமான மண்ணில் இருந்தவை உள்ளங்கைபோல விரிந்து நின்றன. கதிரையில் இருந்துவிட்டேன். மறுநாள் ராணி அக்காவின் அழைப்பு.

"தம்பி, இலையெல்லாம் சுருளுது. தக்காளி நுனி வளையுது. என்னெண்டு தெரியேல்லை."

"குளிராயிருக்கும் அக்கா. தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ."

தெரிந்துகொண்டு சொன்ன பொய் அது. அதற்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் இன்னொன்று விளங்கவில்லை. அந்த முறுகிய போஞ்சிச் சட்டிகளைத் தூக்கிக் குவியலில் எறிய எனக்கு அரை நிமிடம் போதும். எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. குளிர், வைரஸ், வேறு ஏதாவது நோய் என்று போயிருக்கும். ஏன் எறியவில்லை? நேர்மையால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நேர்மையுள்ளவன் ராணி அக்காவிடம் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டான். சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை நோரா வந்தார். ஒரு கண்ணில் இன்னும் பிளாஸ்டிக் மூடி. தேநீர் ஊற்றி வைத்தார். படிவங்களைப் புரட்டினார்.

"இந்த எருத் தொகுதி எத்தனை நாள்?"

"இருபத்தொன்று."

எழுந்து ஜன்னலுக்குப் போனார். நல்ல கண்ணைச் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய், என் கையெழுத்தில் பென்சிலால் விதைத்த நாள் எழுதியிருந்த அட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து இருந்து, படிவத்தில் லொறி போன தேதியைப் பார்த்தார்.

"எத்தனை நாள், பாலா?"

"இருபத்தொன்று."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெளியே யாரோ லோடரைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போஞ்சியைப் பற்றிக் கேட்கிறேன். எத்தனை நாள்?"

"பதினான்கு," என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது மனிதன், எருப் பூட்ஸோடு நின்று அழுதேன்.

அவர் "மிச்சம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். மிச்சம் முற்றத்தில்தான் இருந்தது. அன்று பிற்பகல் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்துக்கும் ஒரு பூங்காவுக்கும் போகவிருந்தது. இரண்டையும் நிறுத்தினார். ஆறிய தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். "எனக்கு ஓட்ட அனுமதி இல்லை. கண். நீ ஓட்டு."

ராணி அக்கா கூடாரத்துக்குள் நின்றார். நோரா முழங்காலிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எருவில் களைநாசினி இருக்கிறது என்றும், இந்த மண்ணில் இந்த வருடம் இந்தப் பயிர்கள் வராது என்றும், அதற்குத் தங்கள் முற்றமே பொறுப்பு என்றும் மெதுவாகச் சொன்னார். ராணி அக்காவுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனாலும் என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, அவ என்ன சொல்லுறா?"

நோரா சொன்னதில் என் பெயர் எங்கேயும் இருக்கவில்லை. அதை அப்படியே மொழிபெயர்த்திருக்கலாம்.

"எருவில நஞ்சு அக்கா. டெஸ்ட் முடியமுதல் நான்தான் அனுப்பினனான். நேற்று நீங்கள் போன் எடுக்கேக்கையே எனக்குத் தெரியும்."

நான்கு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏன் அனுப்பினனீர்?"

"வெள்ளிக்கிழமை நல்ல நாள் எண்டு சொன்னீங்கள். உங்களுக்காகத்தான்."

"எனக்காகவோ?" என்றார் ராணி அக்கா. "நான் கேட்டனானோ?"



நோரா இரண்டு கடிதம் எழுதினார், ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று கவுன்சிலுக்கு. என்னையும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், ஒன்றையும் மறைக்கவில்லை. விசாரணைக்கு என்னை அழைத்தபோது, பெட்டி படுக்கையோடு போகிறவன்போல மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டு போனேன். மேசையின் அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் கேட்டது ஒரே ஒரு கேள்வி. படிவத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து? நோராவினுடையது என்றேன். நன்றி, போகலாம் என்றார்கள். என் கடிதம் அவர்கள் முன்னால் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

அந்தக் கோடை முடியுமுன் நோரா முன்கூட்டியே ஓய்வில் போனார். முற்றம் தப்பியது. சோதனை விதிகளை இறுக்கி, லாயங்களின் சாணத்தை நிறுத்தி, கவுன்சில் ஒப்பந்தத்தை நீட்டியது. கொஞ்ச நாளில் என்னைத் தற்காலிக மேலாளர் ஆக்கினார்கள். ஓய்வுபெறும்வரை அந்தத் தற்காலிகம் நீடித்தது. நான் செய்த பிழையால் அவருடைய கதிரை எனக்குக் கிடைத்தது. இதை எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

ஒருமுறை தாங்காமல் நோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கடிதத்தைக் கொடுத்தீர்களா, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன்.

"வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தானே?" என்றார். பிறகு தன் தோட்டத்து உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அது கருணையா, அல்லது வெறும் உண்மையைச் சொன்னாரா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்கு முன்னால் நான் சிறியவனாகிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

ராணி அக்காவோடு வந்த நான்கு பேரில் இரண்டு பேர் அந்த மாதமே சலவைக்குத் திரும்பினார்கள். மற்ற இருவரும் நின்றார்கள். அந்த மருந்தை மண்ணிலிருந்து எடுக்கக் குறுக்கு வழி கிடையாது. மண்ணை அடிக்கடி கொத்திப் புரட்டினால், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். புல் இனத்துப் பயிர் மட்டும் அந்த மண்ணில் வரும். ஆகவே நோரா சொன்னபடி இரண்டு கூடாரத்திலும் சோளம் போட்டார்கள். விற்க அல்ல, வளர்ந்ததும் அதையே வெட்டி அந்த மண்ணுக்குள் புதைக்க. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மண்வெட்டியோடு போவேன். ராணி அக்கா வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். ஒரு ஓரத்தைக் காட்டுவார், நான் கொத்துவேன். நடுவில் தேத்தண்ணி வரும். இரண்டு கோடை இப்படிப் போனது. கடைக்காரர்கள் வேறு ஆட்களிடம் வாங்கத் தொடங்கினார்கள். அவர் வீட்டு முன்னறையை வாடகைக்கு விட்டுக் குத்தகையைக் கட்டினார் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது சுகந்தியின் கேள்விக்கு வருகிறேன். பெரிய ஆலையா, சின்ன முற்றமா? பெரிய ஆலையில் இந்தப் பிழை நடந்திராது. அங்கே ராணி அக்கா ஒரு வாடிக்கையாளர் எண் மட்டும்தான். அவருடைய நல்ல நாளுக்காக யாரும் மனம் இளகியிருக்க மாட்டார்கள். கிட்ட இருந்ததால்தான், எங்கள் ஆள் என்பதால்தான், நான் ஏழு நாளைத் திருடினேன். சரி, அப்படியென்றால் பெரியதுதான் நல்லது என்று எழுதத் தாளை எடுப்பேன். உடனே மற்றது நினைவுக்கு வரும். பெரிய ஆலையின் எரு எங்கெங்கோ நூறு இடத்துக்குப் போயிருக்கும். இலை சுருண்டால் யாரை அழைப்பது என்றே ஒருவருக்கும் தெரிந்திராது. ராணி அக்கா என்னை அழைத்தார். மேலாளர் நேரே போய் அவர் கூடாரத்தில் முழங்காலிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகவிருந்தது நின்றது. கிட்ட இருந்ததால் கெட்டது, கிட்ட இருந்ததாலேயே தப்பியது. இதைப் பொயின்ட் பொயின்டாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மேல்மாடிக் கூட்டத்தில் போன மாதம் ஒருவர், இருபத்தொரு நாள் காத்திருப்பு ஊரில் சரிவராது, விதைப்புக்கு நாள் பார்த்துவிட்டால் சனம் பொறுக்காது என்று சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து எனக்குக் கிடைத்தது கீழே உள்ள ஒரே ஒரு சம்பவம்தான்.

மூன்றாவது வசந்தத்தில் ராணி அக்காவின் மண்ணில் ஊன்றிய போஞ்சி நேராக வளர்ந்தது. பத்து இடத்தில் ஊன்றிப் பார்த்தோம், பத்தும் நேர். ஒரு கிழமை கழித்து, நான் மேலாளர் கதிரையில் இருக்கும்போது, அவருடைய பழைய வெள்ளை வான் வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது. இறங்கினார். நெற்றியில் திருநீறு.

"ஒரு லோட் எரு வேணும்," என்றார்.

"அக்கா, இஞ்சை வேண்டாம். நான் பெரிய பிளான்ட்டில இருந்து எடுத்துத் தாறன். அவையளிட்டை லாப் ரிப்போர்ட், சேர்டிபிகேட் எல்லாம் இருக்கு. இனி எங்கட எருவை உங்கட மண்ணில போட எனக்கு மனம் வராது."

அவர் வானின் கதவை மூடினார்.

"உம்மட பிழை எனக்குத் தெரியும் தம்பி. அவையளின்ர பிழை எனக்குத் தெரியாது."

பிறகு என்னைக் கேட்காமலே அலுவலகத்துக்குள் போனார். ஜன்னலில் நின்ற சட்டிகளைக் குனிந்து பார்த்தார். போஞ்சிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

"எத்தனை நாள்?"

"பத்தொன்பது."

"மிச்சம் ரெண்டு," என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து வானில் ஏறினார்.

"அக்கா, நாள் பார்த்துத்தானே வந்தனீங்கள்?"

"ஓம், பார்த்துத்தான் வந்தனான்," என்றார். "சனிக்கிழமை வாறன்."

வெறும் வானைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.